மானிட்டரிங் ஏஜெண்ட் நின்றுபோனால் யார் சொல்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பினால் அலெர்ட் வரும். சிபியு எகிறினால் வரும். இந்தத் தகவலையெல்லாம் திரட்டி அனுப்பும் ஏஜெண்ட்டே நின்றுவிட்டால்? தனியாக ஏற்பாடு செய்து வைக்காத இடங்களில் எதுவும் வராது. டாஷ்போர்டில் கடைசியாக வந்த மதிப்பு அப்படியே நிற்கும், அல்லது கிராஃபில் கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கும். நூற்றுக்கணக்கான சர்வர்களுக்கு நடுவே ஒரு கோடு அறுந்திருப்பது யார் கண்ணிலும் படாது. அந்த சர்வரில் பெரிதாக ஏதாவது உடைந்து, 'ஏன் அலெர்ட் வரவில்லை?' என்று மேலிடம் கேட்கும்போதுதான் ஏஜெண்ட் நின்று பல நாள் ஆகிவிட்டது தெரியவரும்.

ஆகவே ஏஜெண்ட்டின் நிலையை ஏஜெண்ட்டை நம்பாமல் கவனிக்க வேண்டும். அதற்குப் புழக்கத்தில் உள்ள வழிகள் நான்கு: சர்வரிலேயே காவல் வைப்பது, மையத்திலிருந்து ஒவ்வொரு ஏஜெண்ட்டாகப் போய்க் கேட்பது, ஏஜெண்ட்டே அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று மையத்துக்குச் சொல்வது, எல்லா ஏஜெண்ட்டுகளையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் நிர்வாகத் தளத்தை வைத்துக்கொள்வது. என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த வழியை எடுத்தாலும், எந்தெந்த சர்வரில் ஏஜெண்ட் இருந்தாக வேண்டும் என்ற பட்டியல் மானிட்டரிங் கருவிக்கு வெளியே ஓரிடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எந்தக் கருவியும் தனக்குத் தெரிந்த ஏஜெண்ட்டுகளைப் பற்றித்தான் பேசும். தெரியாததைப் பற்றி வாயே திறக்காது.

ஏஜெண்ட் எப்படியெல்லாம் கெடும்

வழிகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். ஏஜெண்ட் கெடும் விதங்களையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

எளிதானது, பிராசஸ் செத்துப்போவது. மெமரி போதாமல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதைக் கொன்றிருக்கும். அல்லது அப்டேட்டுக்குப் பிறகு கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி ஒத்துப்போகாமல் மறுபடி எழும்பியிருக்காது. இதைக் கண்டுபிடிக்க எல்லா வழிக்கும் தெரியும்.

பிராசஸ் இருந்தும் உறைந்துபோவது வேறு கதை. சர்வரில் என்எஃப்எஸ் மவுண்ட் (நெட்வொர்க் வழியாக இணைத்த வெளி ஸ்டோரேஜ்) ஒன்று இருக்கிறது, அதன் மறுமுனையில் உள்ள ஸ்டோரேஜ் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்ட் வழக்கம்போல ஒவ்வொரு மவுண்ட்டிலும் எவ்வளவு இடம் மிச்சம் என்று கெர்னலைக் கேட்கிறது. அந்த ஒரு மவுண்ட்டுக்கான பதில் வரவே இல்லை. கேட்ட திரெட் அங்கேயே நிற்கிறது. அடுத்த சுற்றில் இன்னொரு திரெட் போய் மாட்டுகிறது. தற்காப்பு இல்லாத ஏஜெண்ட் என்றால் கொஞ்ச நேரத்தில் பதில் சொல்ல ஆளே இருக்காது. அப்போதும் லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியிடம் கேட்டால் 'ஆக்டிவ், ரன்னிங்' என்று பச்சையில் காட்டும். இதே அனுபவத்தால்தான் ப்ரொமீதியஸ் என்ற மானிட்டரிங் கருவிக்கான ஏஜெண்ட்டாகிய நோட் எக்ஸ்போர்ட்டரில் 5 விநாடி மவுண்ட் டைம் அவுட் வைத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராத மவுண்ட்டை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அனுப்பும்.

உறைந்துபோன ஏஜெண்ட்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இதில் ஏமாந்துவிடும். டிசிபி இணைப்பை ஏற்றுக்கொள்வது கெர்னல். ஏஜெண்ட் அசையாமல் கிடந்தாலும் வரிசையில் இடம் இருக்கும்வரை கெர்னல் கைகுலுக்கி முடித்துவிடும். 'ஜாபிக்ஸ் ஏஜெண்ட்டின் போர்ட் 10050 ஓப்பனாக இருக்கிறது, ஏஜெண்ட் ஓகே' என்று டிக்கெட்டை மூடுபவர்கள் நிறையப் பேர். இணைப்பு கிடைத்ததா என்பதோடு நிற்காமல், கேட்டதற்குப் பதில் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஏஜெண்ட் நன்றாக ஓடுகிறது, நடுவில் ஃபயர்வால் மறிக்கிறது அல்லது டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. நான்காவது, தகவல் வருகிறது, ஆனால் பாதி வருகிறது, அல்லது வேறு சர்வரின் பெயரில் வருகிறது. ஐந்தாவது, ஏஜெண்ட்டை நிறுவவே இல்லை, அல்லது பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. கடைசி இரண்டும்தான் நீண்ட நாள் யாருக்கும் தெரியாமல் கிடப்பவை.

சர்வரிலேயே காவல்

லினக்ஸில் சிஸ்டம்டி, விண்டோஸில் சர்வீஸ்களுக்கான ரெக்கவரி அமைப்பு. ஏஜெண்ட் விழுந்தால் அங்கேயே எழுப்பிவிடும். காசு செலவில்லை, நெட்வொர்க் தேவையில்லை, யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முதலில் சொன்ன கோளாறை மனிதர் கை படாமல் தீர்ப்பது இதுதான்.

ஆனால் சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பை அப்படியே விட்டால் ஒரு பொறி இருக்கிறது. ரீஸ்டார்ட்டை 'ஆல்வேஸ்' என்று வைத்தாலும், ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் அது காத்திருப்பது 100 மில்லிவிநாடிதான். 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காவிட்டால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். தொடங்கியதும் மையத்தைத் தேடி, கிடைக்காவிட்டால் வெளியேறும் ரக ஏஜெண்ட்டுகள் உண்டு. நெட்வொர்க் சில நிமிடங்கள் போயிருந்தால், அந்த ஐந்து முயற்சியும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். நெட்வொர்க் திரும்பி வந்த பிறகும் ஏஜெண்ட் 'ஃபெயில்ட்' நிலையிலேயே கிடக்கும். இடைவெளியை 30 விநாடி என்று மாற்றிவிட்டால் அந்த வரம்பை எட்டவே எட்டாது, முயன்றுகொண்டே இருக்கும். ஒரே ஒரு வரி. எல்லா ஏஜெண்ட்டின் சர்வீஸ் ஃபைலிலும் இன்றைக்கே போடத் தகுந்தது.

உறைந்துபோவதற்கும் சிஸ்டம்டியில் வாட்ச்டாக் வசதி இருக்கிறது: குறித்த நேரத்துக்குள் ஏஜெண்ட் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லாவிட்டால் கொன்று மறுபடி எழுப்பும். ஏஜெண்ட்டின் நிரலில் அதற்கான ஏற்பாடு இருந்தால்தான் இது பயன்படும். பல ஏஜெண்ட்டுகளில் இல்லை. நெட்வொர்க் மறிப்பு, தவறான பெயர், நிறுவாத ஏஜெண்ட் எதுவும் இந்தக் காவலுக்குத் தெரியாது. இதை முதலுதவியாக எல்லா இடத்திலும் வையுங்கள். இதை மட்டும் வைத்துக்கொண்டு நிலை தெரியும் என்று நம்பாதீர்கள்.

மையம் போய்க் கேட்பது

2012-ல் சவுண்ட்கிளவுடில் பிறந்த ப்ரொமீதியஸ் இந்த வழிக்கு இன்று முகம். வேறு இரு மானிட்டரிங் கருவிகளான நாகியோஸின் என்ஆர்பிஇ ஏஜெண்ட்டும் (போர்ட் 5666), ஜாபிக்ஸின் பாசிவ் சோதனையும் (போர்ட் 10050) இதே வகை. மையத்தில் இலக்குகளின் பட்டியல் இருக்கும். அது குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றையும் போய்க் கேட்கும்.

இதன் பெரிய பலம், நிலை அறிவது தனி வேலையாக இல்லாமல் போவது. ப்ரொமீதியஸ் ஒவ்வொரு முறை ஓர் இலக்கிலிருந்து தகவல் எடுக்கும்போதும் 'அப்' என்ற மெட்ரிக்கை (அளவீட்டை) தானே எழுதிக்கொள்ளும்: எடுக்க முடிந்தால் 1, முடியாவிட்டால் 0. பிராசஸ் செத்தாலும், உறைந்து 10 விநாடி டைம் அவுட்டைத் தாண்டினாலும், ஃபயர்வால் மறித்தாலும் 0. முதல் மூன்று கோளாறும் ஒரே விதியில் அடங்கிவிடுகின்றன. ஏஜெண்ட்டில் கூடுதலாக எதுவும் எழுத வேண்டாம். இந்த எளிமைக்காகவே, சர்வர்கள் ஒரே நெட்வொர்க்குக்குள் இருக்கிற இடங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

பலவீனம் எங்கே என்றால், 'அப்' 0 ஆவதற்கு இலக்கு பட்டியலில் இருக்க வேண்டும். இலக்குகளை சர்வீஸ் டிஸ்கவரி வழியாகத் தானாக எடுக்கும் அமைப்பில், லேபிள் ஒன்று மாறினாலோ டேக் ஒன்று விடுபட்டாலோ அந்த சர்வர் பட்டியலிலிருந்தே போய்விடும். அப்போது 'அப்' 0 ஆகாது; அந்தத் தொடரே மறைந்துவிடும். அதைவிட மோசம், ஏற்கெனவே 0 என்று அலெர்ட் கத்திக்கொண்டிருந்த சர்வரைப் பட்டியல் இழந்தால், 'பிரச்சினை தீர்ந்தது' என்று செய்தி வரும். 'ஆப்சென்ட்' ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. ஆனால் ஒரு ஜாபில் உள்ள எல்லா சர்வரும் காணாமல் போனால்தான் அது பேசும், ஐம்பதில் ஒன்று போனால் பேசாது. நேற்று இதே நேரத்தில் இருந்து இன்று இல்லாத இலக்குகள் எவை என்று 'ஆஃப்செட்'டும் 'அன்லெஸ்'ஸும் சேர்த்து ஒரு வினவல் எழுதலாம். நன்றாக வேலை செய்யும். ஒரு நாள் தாண்டிவிட்டால் அதுவும் மறந்துவிடும்.

பாதி வேலை செய்யும் ஏஜெண்ட்டையும் 'அப்' காட்டாது. நோட் எக்ஸ்போர்ட்டர் பதில் சொல்லும், அதில் ஒரு கலெக்டர் (ஒரு வகைத் தகவலைத் திரட்டும் பகுதி) மட்டும் தோற்றிருக்கும். ஒவ்வொரு கலெக்டரும் வென்றதா என்று அது தனி மெட்ரிக்கில் சொல்கிறது; அதன் மேலும் ஒரு விதி வேண்டும். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஜாப்கள் எழுதிவைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்களைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்பதையும் அதே எக்ஸ்போர்ட்டர் தருகிறது. கிரான் நின்று வாரக்கணக்கில் ஆன பிறகும் பழைய எண்ணையே புதிது போலக் காட்டிக்கொண்டிருக்கும் ஆபத்து இதனால் போகும்.

பாதுகாப்புக் கோணத்தில், ஒவ்வொரு சர்வரிலும் ஒரு போர்ட்டை மையத்துக்குத் திறந்துவைக்க வேண்டும். வெவ்வேறு கிளைகள், வாடிக்கையாளர் நெட்வொர்க், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் லேப்டாப் என்று வந்துவிட்டால் இந்த வழி திணறும்.

ஏஜெண்ட் தானே சொல்வது

ஜாபிக்ஸின் ஆக்டிவ் ஏஜெண்ட், டேட்டாடாக் ஏஜெண்ட் போன்றவை இந்த வகை. இணைப்பு எப்போதும் சர்வரிலிருந்து வெளியே போகும். உள்ளே எதையும் திறக்க வேண்டாம். நேட் என்ற, உள் ஐபிக்களை வெளியே காட்டாத ரவுட்டர் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் சர்வரோ நாளுக்கு நாள் ஐபி மாறும் லேப்டாப்போ, கவலையில்லை. சிதறிக் கிடக்கும் சர்வர்களுக்கு இதுதான் சரி.

விலை என்னவென்றால், மௌனத்துக்குப் பொருள் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழும். தகவல் வரவில்லை என்றால் ஏஜெண்ட் செத்ததா, லேப்டாப்பை மூடி வைத்தார்களா, நெட்வொர்க் போனதா? மையத்துக்குத் தெரியாது. ஆகவே 'இவ்வளவு நேரம் வரவில்லை என்றால் கெட்டுவிட்டது' என்று விதி எழுத வேண்டும். ஜாபிக்ஸில் இதற்கு நோடேட்டா ஃபங்ஷன். ஏஜெண்ட் பிங் என்ற ஐட்டத்தின் மேல் 5 நிமிடம் என்று போடுவது வழக்கம். நாகியோஸின் பாசிவ் சோதனைகளில் (ஜாபிக்ஸுக்கு நேர்மாறாக, இங்கே பாசிவ் என்றால் தகவல் தானாக மையத்துக்கு வருவது) ஃப்ரெஷ்னெஸ் வரம்பு இதே வேலையைச் செய்யும். அதை இயக்க மறந்தால், கடைசியாக வந்த 'ஓகே' காலம் முழுக்க 'ஓகே'வாகவே நிற்கும். ப்ரொமீதியஸுக்காக மதிப்புகளைத் தள்ளிவைக்கும் இடமான புஷ்கேட்வேயிலும் அதே கதைதான்: தள்ளிய மதிப்பை அது தானாக மறக்காது. கடைசியாக எப்போது தள்ளப்பட்டது என்பதற்கு அது தரும் நேரத்தை வைத்துத்தான் வயதைக் கணிக்க வேண்டும்.

ஜாபிக்ஸில் 6.2 பதிப்புக்கு முன் ஆக்டிவ் சோதனை மட்டும் செய்யும் ஏஜெண்ட்டுகளுக்கு நிலை ஐகான் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. ஐகான் பாசிவ் சோதனையை மட்டும் பார்த்ததுதான் காரணம். 6.2-ல் ஹார்ட்பீட் வந்தது: ஏஜெண்ட் 60 விநாடிக்கு ஒருமுறை தன் இருப்பைச் சொல்லும், ஐகான் அதற்கேற்ப மாறும். பழைய பதிப்பில் இருப்பவர்கள் சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பழகிவிட்டார்கள் என்றால், மேம்படுத்துவதற்கு இதுவே போதுமான காரணம்.

தவறான பெயரில் தகவல் வரும் கோளாறு இந்த வழியில்தான் அதிகம். ஒரு விர்ச்சுவல் மெஷினை ஏஜெண்ட்டோடு சேர்த்துக் குளோன் செய்கிறார்கள். புது மெஷினுக்கு ஐபி மாற்றினார்கள், இயங்குதளத்தில் ஹோஸ்ட்நேம் மாற்றினார்கள். ஏஜெண்ட்டின் கான்ஃபிக் ஃபைலில் பழைய பெயர் அப்படியே கிடக்கிறது. இப்போது இரண்டு மெஷின்கள் ஒரே பெயரில் அனுப்புகின்றன. மையம் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். ஹார்ட்பீட் தவறாது, நோடேட்டா பேசாது, ஐகான் பச்சை. மெமரி கிராஃபை விரித்துப் பார்த்தால் மட்டும் 30 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே ரம்பப் பல் போலக் கோடு ஏறி இறங்கும். பழைய மெஷின் செத்தாலும் புதியது அதன் பெயரில் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து, பெயரைக் கான்ஃபிக்கில் கையால் எழுதாமல் சிஸ்டத்திலிருந்து எடுக்கச் சொல்வது. அதோடு குளோன் எடுக்கும் டெம்ப்ளேட்டில் ஏஜெண்ட்டின் அடையாளத்தை அழித்துவிட்டு எடுப்பது.

பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் எதிர்ப்பக்கக் கோளாறு: 'இந்தப் பெயரில் ஹோஸ்ட் இல்லை' என்று ஏஜெண்ட்டின் லாகில் எழுதிவைத்துவிட்டு அது பாட்டுக்கு ஓடும். மையத்திலோ அந்த சர்வர் இருப்பதே தெரியாது.

இந்த வழியின் இன்னொரு நன்மையையும் சொல்லவேண்டும். இணைப்பு அறுந்த நேரத்துத் தகவலைப் பல ஏஜெண்ட்டுகள் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும். மையம் போய்க் கேட்கும் முறையில் அந்த நேரம் வெற்றிடம்தான். ஆனால் சேர்த்துவைத்தது மொத்தமாக வந்து சேரும்போது, தகவலின் நேரத்தை வைத்து நிலையைக் கணிக்கிறீர்களா, மையத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்கு வந்து சேர்ந்த நேரம்தான் சரியான சாட்சி. ஏஜெண்ட் இருக்கும் சர்வரின் கடிகாரம் தப்பாக இருக்கலாம்.

நிர்வாகத் தளம்

எலாஸ்டிக்கின் ஃப்ளீட், ஓப்பன்டெலிமெட்ரி திட்டத்தின் ஏஜெண்ட் நிர்வாக நெறிமுறையான ஓபாம்பில் கட்டிய தளங்கள், வணிகக் கருவிகளில் உள்ள ஏஜெண்ட் நிர்வாகப் பக்கங்கள். இவை நிலையைக் காட்டுவதோடு நிற்காது. எந்தப் பதிப்பு, எந்தக் கான்ஃபிக், கொடுத்த கான்ஃபிக்கை ஏஜெண்ட் ஏற்றதா நிராகரித்ததா என்பதுவரை சொல்லும். அங்கிருந்தே மேம்படுத்தலாம், மாற்றலாம். ஃப்ளீட்டில் 'அன்ஹெல்தி' வேறு, 'ஆஃப்லைன்' வேறு: ஏஜெண்ட் பேசுகிறது ஆனால் உள்ளே ஏதோ ஒரு பகுதி கெட்டிருக்கிறது என்பது முதலாவது, பேச்சே இல்லை என்பது இரண்டாவது. பாதி வேலை செய்யும் ஏஜெண்ட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில் மற்ற வழிகளைவிட இது மேல்.

ஆனால் இது இன்னொரு சர்வர், இன்னொரு சான்றிதழ், பேக்கப் எடுக்க வேண்டிய இன்னொரு தரவுத்தளம். அதைவிட முக்கியமாக, உங்கள் எல்லா சர்வரிலும் உயர்ந்த அனுமதியோடு ஓடும் ஒன்றுக்குக் கட்டளையிடும் இடம் அது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் தன் பாதுகாப்பு ஏஜெண்ட்டுக்கு மையத்திலிருந்து அனுப்பிய ஒரு பிழையான உள்ளடக்க ஃபைல், மைக்ரோசாஃப்ட் கணிப்புப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். விழுந்த கணினிகளில் பலவற்றை ஆட்கள் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அது மானிட்டரிங் ஏஜெண்ட் அல்ல. ஆனால் மையத்திலிருந்து எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் தள்ளும் எந்த ஏஜெண்ட்டுக்கும் அந்தப் பாடம் பொருந்தும். இப்படி ஒரு தளத்தை எடுத்தால், முதலில் சில சர்வர், பிறகு ஒரு பங்கு, பிறகு மிச்சம் என்று படிப்படியாக அனுப்பும் வசதி இருக்கிறதா என்பதே என் முதல் கேள்வி. அழகான டாஷ்போர்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பல சர்வர்களின் கான்ஃபிக்கை ஒரே இடத்திலிருந்து பராமரிக்கும் ஆன்சிபிள் அல்லது பப்பெட்டை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத் தனித் தளம் தேவைப்படாமலே போகலாம். பப்பெட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். ஏஜெண்ட் நிறுவியிருக்கிறதா, ஓடுகிறதா, சரியான கான்ஃபிக்கா என்று பார்த்துத் திருத்திவிடும். ஆன்சிபிள் நீங்கள் கூப்பிடும்போது மட்டும் ஓடும், வரலாறு வைத்துக்கொள்ளாது. அதன் பிங் மாட்யூல் பலரும் நினைப்பதுபோல நெட்வொர்க் பிங் அல்ல. சர்வருக்குள் நுழைந்து பைத்தானை ஓட்ட முடிகிறதா என்று பார்ப்பது. ஏஜெண்ட்டின் நிலைக்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. பதிப்புகளை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாலும் தளம் தேவையில்லை: ஜாபிக்ஸில் ஏஜெண்ட் வெர்ஷன் ஐட்டம் இருக்கிறது, நோட் எக்ஸ்போர்ட்டரும் தன் பதிப்பை ஒரு மெட்ரிக்காகவே தருகிறது. பதிப்புவாரியாக எண்ணிப் பார்த்தால் பின்தங்கியவை தெரிந்துவிடும்.

எல்லா வழியும் திணறும் ஓர் இடம்

நிறுவாத ஏஜெண்ட்டை நான்கில் எதுவும் தானாகக் கண்டுபிடிக்காது. அதனால்தான் வெளியே ஒரு பட்டியல் என்று முதலிலேயே சொன்னேன். கிளவுட் கணக்கின் ஏபிஐ, விர்ச்சுவலைசேஷன் மையம், ஆக்டிவ் டைரக்டரி, சொத்துப் பதிவேடு என்று சர்வர் பிறக்கும்போதே அதை அறியும் இடம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஒருமுறை அந்தப் பட்டியலையும், கடைசி ஒரு மணி நேரத்தில் தகவல் அனுப்பிய சர்வர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கழிக்கட்டும். அங்கே இருந்து இங்கே இல்லாதவை, கண்காணிப்பே இல்லாத சர்வர்கள். இங்கே இருந்து அங்கே இல்லாதவை, கழற்றி வைத்த பிறகும் பதிவு நீக்காதவை அல்லது யாரோ பதிவில்லாமல் ஏற்றியவை. இரண்டு பட்டியலுக்கும் ஒரே பெயர் முறை இருக்க வேண்டும்; ஒன்றில் முழு டொமைன் பெயர், இன்னொன்றில் குறும்பெயர் என்றால் முதல் வாரம் அதைச் சரிசெய்வதிலேயே போகும். போகட்டும், அது வீண்போகாத வாரம்.

சுமைக்கேற்பத் தானாகக் கூடிக் குறையும் சர்வர்களுக்குப் பெயர் வைத்துக் கழிப்பது பயன்படாது. அங்கே எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்: குழுவில் இப்போது எத்தனை மெஷின், அவற்றில் எத்தனை தகவல் அனுப்புகின்றன. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் ஏஜெண்ட்டை டேமன்செட்டாக (ஒவ்வொரு நோடிலும், அதாவது மெஷினிலும், ஒரு பிரதி) வைத்தால் இந்தக் கணக்கு தானே கிடைத்துவிடும். எத்தனை நோடில் இருக்க வேண்டும், எத்தனையில் தயாராக இருக்கிறது என்று அதுவே சொல்கிறது.

எவ்வளவு நேரம் பொறுப்பது, யாரை எழுப்புவது

ஒரு ஹார்ட்பீட் தவறியதும் அலெர்ட் அனுப்பினால் ஒரு வாரத்தில் எல்லோரும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். சர்வர் ரீபூட் ஆகி எழும் நேரத்தைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். 60 விநாடி இடைவெளிக்கு 5 நிமிடம் நல்ல தொடக்கம். பழைய கனமான சர்வர்கள் எழ அதைவிட நேரம் எடுத்தால் அவற்றுக்குத் தனியாகக் கூட்டலாம். லேப்டாப்புகளுக்கு நிமிடக் கணக்கே வேண்டாம், நாள் கணக்கில் வையுங்கள்.

ஏஜெண்ட் அலெர்ட்டைக் 'குறைந்த முக்கியத்துவம்' என்று போட்டுவைப்பது பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு டேட்டாபேஸ் சர்வரின் ஏஜெண்ட் நின்றால் அந்த சர்வரின் மற்ற எல்லா அலெர்ட்டும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. அப்படியிருக்க அது எப்படிச் சின்ன விஷயமாகும்? ஏஜெண்ட்டின் முக்கியத்துவம் அது காக்கும் சர்வரின் முக்கியத்துவத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். சாதாரண சர்வர் என்றால் காலையில் பார்க்கும் டிக்கெட் போதும். ஏஜெண்ட்டோடு பிங்கும் சேர்ந்து போனால் சர்வரே விழுந்திருக்கலாம், எழுப்புங்கள்.

நெட்வொர்க் இணைப்பு ஒன்று அறுந்து நானூறு ஏஜெண்ட்டுகள் ஒரே நேரத்தில் காணாமல் போனால் நானூறு அலெர்ட் வரக்கூடாது. நாகியோஸில் ஹோஸ்ட்டுக்குப் பெற்றோர் குறித்துவைத்தால், நடுவில் உள்ள ரவுட்டர் போனதும் அதற்குப் பின்னால் உள்ளவற்றை 'டவுன்' என்று சொல்லாமல் 'அன்ரீச்சபிள்' என்று பிரிக்கும். ஜாபிக்ஸில் ப்ராக்சி (ஏஜெண்ட்டுகளுக்கும் மையத்துக்கும் நடுவில் தகவலைத் திரட்டி அனுப்புவது) தொடர்பிழந்தால் அதன் பின்னால் உள்ள ஹோஸ்ட்டுகளுக்கு நோடேட்டா இயல்பாகவே பொறுத்திருக்கும்; ஆகவே ப்ராக்சிக்கென்று தனி அலெர்ட் கட்டாயம். ப்ரொமீதியஸ் பக்கம் அலெர்ட்டுகளை அனுப்பும் அலெர்ட்மேனேஜரின் குழுவாக்கமும் இன்ஹிபிஷனும் (ஓர் அலெர்ட் இருக்கும்போது அதைச் சார்ந்தவற்றை அடக்குவது) அந்த வேலையைச் செய்யும், ஆனால் நீங்கள்தான் எழுத வேண்டும்.

எந்த இடத்துக்கு எது

சர்வர்கள் ஒரே நெட்வொர்க்கில், சில நூறுக்குள் இருந்தால்: மையம் போய்க் கேட்கும் வழி, சிஸ்டம்டி காவல், தினசரிக் கழித்தல் ஸ்கிரிப்ட். இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தளம் விற்க வருபவர்கள் எவ்வளவு சொன்னாலும் இந்த அளவில் அது கூடுதல் சுமைதான்.

கிளைகள், வாடிக்கையாளர் நெட்வொர்க்குகள், நேட்டுக்குப் பின்னால் இருப்பவை என்றால் ஏஜெண்ட் தானே சொல்லும் வழி. நடுவில் ப்ராக்சி வைத்தால் ஃபயர்வாலில் ஒரே ஒரு வழி திறந்தால் போதும். பெயர் ஒழுங்கை முதல் நாளே கட்டாயமாக்குங்கள்; பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஆயிரக்கணக்கில் போய், கான்ஃபிக் அடிக்கடி மாறி, மூன்று நான்கு குழுக்கள் ஆளுக்கொரு பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்கும் நிலை வந்தால் நிர்வாகத் தளம் தன் விலையை ஈட்டும். அப்போதும் பப்பெட், ஆன்சிபிள் நன்றாக வேரூன்றியிருந்தால் முதலில் அவற்றில் எவ்வளவு முடியும் என்று பாருங்கள். இரண்டு கருவிகள் ஒரே கான்ஃபிக் ஃபைலை மாற்றி மாற்றி எழுதும் நிலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

எந்த வழியானாலும் மையமே விழுந்தால் எல்லா ஏஜெண்ட்டும் நின்றதற்குச் சமம். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஓர் அலெர்ட்டை வெளியே உள்ள வேறொரு சேவைக்கு அனுப்பிக்கொண்டிருப்பதும், அது நின்றால் அந்தச் சேவை கத்துவதும் இதற்கான ஏற்பாடு. குபர்னெட்டிஸுக்கான ப்ரொமீதியஸ் தொகுப்பில் 'வாட்ச்டாக்' என்ற பெயரில் அந்த அலெர்ட் கூடவே வருகிறது. மறுமுனையில் கேட்பதற்கு ஆள் வைப்பது உங்கள் பொறுப்பு.

தேர்ந்தெடுத்த பிறகு சோதித்துப் பாருங்கள்

முக்கியமில்லாத ஒரு சர்வரை எடுத்துக்கொண்டு ஐந்து காரியம் செய்யுங்கள். ஏஜெண்ட் பிராசஸைக் கொல்லுங்கள், தானாக எழுகிறதா? அடுத்து 'கில்' கட்டளையில் ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறையவையுங்கள். சிஸ்டம்டி பச்சை காட்டும், போர்ட்டும் திறந்திருக்கும். உங்கள் அமைப்பு இதைக் கண்டுபிடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கன்டினியூ சிக்னல் அனுப்பினால் மறுபடி ஓடும். மூன்றாவது, ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மறியுங்கள். நான்காவது, கான்ஃபிக்கில் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைசியாக, அந்த சர்வரை டிஸ்கவரிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரத்தில், யாருக்கு, என்ன வாசகத்தில் செய்தி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதற்கு மறுநாள் காலைவரை எதுவும் வராவிட்டால், கழித்தல் ஸ்கிரிப்ட்டை எழுத உட்காருங்கள். மற்ற நான்கும் சரியாக வந்திருந்தாலும் அதுதான் முதல் வேலை.